காப்பும் மீட்பும்: அடகுக் கடை மென்பொருளுக்கு பேக்கப் சேர்த்த அனுபவம்

அடகுக் கடையில் 'காப்பு' என்றால் கையில் போடும் நகை. 'மீட்பு' என்றால் அசலும் வட்டியும் கட்டி நகையைத் திரும்ப வாங்கிப் போவது. இந்த இரண்டு சொற்களையும் பேக்கப் (தரவை நகலெடுத்து வைப்பது), ரெஸ்டோர் (அந்த நகலைத் திரும்ப ஏற்றுவது) என்ற வேலைகளுக்குப் பெயராக்கி, அதே கடையின் கணினித் திரையில் இரண்டு பொத்தான்களாக ஒட்டியவன் நான். அதனால் ஒரு நாள் மதியம் என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்தப் பொத்தான்களுக்கு ஏன் தேவை வந்தது என்பதில் தொடங்க வேண்டும்.

கடை ஈரோடு மாவட்டத்தில் ஒரு சந்தை ஊரில் இருக்கிறது. முதலாளி, கணக்குப்பிள்ளை, நகையை உரசிப் பார்த்து எடை போடுபவர் என மூன்று பேர். நான் எழுதிக் கொடுத்த மென்பொருளில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது, தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருள். ஒரே கணினி, ஒரே தரவுத்தளக் கோப்பு. சீட்டு எண், பெயர், முகவரி, நகை விவரம், மொத்த எடை, கல் கழித்த எடை, கொடுத்த தொகை, வட்டி ஆகியவை அந்தக் கோப்பில் இருக்கும். நகையைப் படம் பிடித்து, படங்களை மட்டும் தனிக் கோப்புறையில் வைத்திருந்தோம்.

அடகுத் தொழிலுக்கான 1943-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடிக்கையாளருக்கு அடகுச் சீட்டு கொடுத்தாக வேண்டும், கணக்குப் புத்தகமும் வைத்திருக்க வேண்டும். ஆகவே கணினி வந்த பிறகும் காகிதம் போகவில்லை. சீட்டு எண்ணை மென்பொருள் கொடுக்கும், பிரின்டர் சீட்டையும் அடிக்கட்டையையும் சேர்த்து அச்சிடும். சீட்டு வாடிக்கையாளருக்கு, கையெழுத்து வாங்கிய அடிக்கட்டை கடைக்கு. இந்தக் கதையில் எங்களை இரண்டு முறை காப்பாற்றியது அந்த அடிக்கட்டைதான். நான் எழுதிய எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

வால் இல்லாத நகல்

ஆடி மாதம். விதைப்புச் செலவுக்கு நகை வைக்க வருகிறவர்கள் அதிகம். ஒரு சனிக்கிழமை காலை ஹார்ட் டிஸ்க் நின்றுபோனது. கணக்குப்பிள்ளை கலங்கவில்லை. "தம்பி, தினமும் இரவு பென் டிரைவில் நகல் எடுத்துத்தான் வைத்திருக்கிறேன்" என்றார். சொன்னபடியே திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கோப்புறைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பு. புதிய டிஸ்க் போட்டு வெள்ளிக்கிழமை நகலைத் திறந்தோம். அதில் இருந்த கடைசிச் சீட்டு அதற்கு முந்தைய சனிக்கிழமையுடையது. வியாழன் நகலைத் திறந்தால் அங்கேயும் அதே சீட்டு. புதனிலும் அதே. ஐந்தும் ஒரு பைட்கூட மாறாத ஒரே கோப்பு.

கணக்குப்பிள்ளை மேல் தவறில்லை. தவறு அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் சேர்த்த ஒரே ஒரு வரியில் இருந்தது.

அப்போது "தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது" என்ற பிழைச் செய்தி அடிக்கடி வந்து வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது. எஸ்க்யூலைட் வழக்கமாக இயங்கும் முறையில், ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எழுதி முடிக்க முடியாது. 2010-இல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்து இதற்கு மாற்றாக இன்னொரு முறை இருக்கிறது. மாற்றங்களை உடனே முதன்மைக் கோப்பில் எழுதாமல், பக்கத்தில் ஒரு துணைக் கோப்பில் வரிசையாகச் சேர்த்து வைக்கும் முறை அது. அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'வால்' என்று வரும். துணைக் கோப்பின் பெயரும் அப்படித்தான் முடியும். உண்மையிலேயே அது தரவுத்தளத்தின் வால்தான். வாலை இயக்கிவிட்டேன், பிழைச் செய்தி மறைந்தது. பூட்டியது யார் என்று நான் தேடவே இல்லை.

பூட்டியது தவணை கடந்த அடகுகளைக் காட்டும் பட்டியல் சாளரம். முதல் இருநூறு வரிகளை எடுத்துக் காட்டிவிட்டு, மீதியைத் திரையை உருட்டும்போது எடுக்கலாம் என்று வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) முடிக்காமல் பாதியில் திறந்தே வைத்திருந்தேன். பழைய முறையில் அது எழுத வருகிறவரைத் தடுத்தது. வால் முறையில் யாரையும் தடுக்காது. வேறொரு வேலையைச் சத்தமில்லாமல் செய்யும்.

வாலில் சேர்ந்தவை அவ்வப்போது முதன்மைக் கோப்புக்கு மாற்றி எழுதப்பட வேண்டும். இதற்கு செக்பாயின்ட் என்று பெயர். தனியாகச் சொல்லாவிட்டால் வால் 1000 பக்கங்களை எட்டும்போதுதான் எஸ்க்யூலைட் இதைத் தொடங்கும். ஒரு பக்கம் 4096 பைட் என்று வைத்தால் ஏறக்குறைய 4 எம்.பி. பெரிய நிறுவனத்தில் அது சில நிமிடங்களில் நிரம்பும். ஒரு நாளைக்கு ஐம்பது சீட்டு போடும் கடையில் இரண்டு மூன்று நாள் ஆகும். அப்படியே நிரம்பினாலும், யாராவது பழைய நிலையைப் படித்துக்கொண்டிருந்தால் அவர் நிற்கும் இடம் வரைதான் மாற்றி எழுத முடியும். திங்கட்கிழமை காலை கணக்குப்பிள்ளை பட்டியல் சாளரத்தைத் திறந்து, சுருக்கிக் கீழே வைத்துவிட்டார். மென்பொருளை மூடுவதும் இல்லை; இரவில் கணினியைத் தூங்க வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் மூடியிருந்தால்கூடப் போதும், தரவுத்தளத்தோடு மென்பொருளுக்கு இருக்கும் கடைசி இணைப்பு மூடப்படும்போது வால் முழுவதும் முதன்மைக் கோப்பில் சேர்ந்திருக்கும்.

ஆக, வாரம் முழுவதும் நடந்த அடகும் மீட்பும் வாலில் இருந்தன. அவர் ஒவ்வொரு இரவும் நகலெடுத்தது தலையை மட்டும். வாலை டிஸ்க் கொண்டுபோய்விட்டது.

அன்றும் மறுநாள் ஞாயிறும் உட்கார்ந்து அடிக்கட்டைகளைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். மீட்டுப் போனவர்கள் திருப்பிக் கொடுத்த சீட்டுகள் கம்பியில் குத்தியிருந்தன. அதனால் மீட்பையும் சரிக்கட்ட முடிந்தது. நகைப் படங்கள் மட்டும் அத்தனையும் போனது போனதுதான். படக் கோப்புறையை யாரும் நகலெடுத்ததே இல்லை.

எடுப்பது

இதற்குப் பிறகுதான் மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் வேண்டும் என்று முடிவானது. உண்மையில் அது முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

முதலில் பட்டியல் சாளரத்தைத் திருத்தினேன். இருநூறு இருநூறாகத் தனி வினவல் போட்டு, ஒவ்வொன்றையும் முடித்து மூடுவது. அரை மணி நேர வேலை. இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போன அரை மணி நேரம்.

நகல் எடுக்கப் பல வழிகள் உண்டு. எல்லா இணைப்புகளையும் மூடிவிட்டுக் கோப்பை நகலெடுக்கலாம், ஆனால் ஏதோ ஒன்று திறந்திருந்தால் பழைய கதைதான். 2019-இல் வந்த 3.27.0 பதிப்பிலிருந்து, தரவுத்தளத்தைச் சுருக்கிப் புதிய கோப்பாக எழுதும் கட்டளை ஒன்றும் இருக்கிறது, அதுவும் நல்லதுதான். நான் தேர்ந்தெடுத்தது எஸ்க்யூலைட்டுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதி. தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, வாலில் இருப்பதையும் கணக்கில் எடுத்து, ஒரு கணத்தின் முழு நிலையைப் பக்கம் பக்கமாக இன்னொரு கோப்புக்கு மாற்றும். பைத்தானில் 3.7 பதிப்பிலிருந்து இதை ஒரே வரியில் அழைக்கலாம். இதே வசதியைத் திசை மாற்றி ரெஸ்டோருக்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் என் தேர்வை முடிவு செய்தது.

ஒரு சிறு விஷயம் என்னை ஒரு மாலை முழுவதும் அலைக்கழித்தது. சோதிப்பதற்காகப் பென் டிரைவில் இருந்த நகலைத் திறந்தால், அதன் பக்கத்திலும் ஒரு வால் முளைத்தது. பக்கம் பக்கமாக நகலெடுக்கும்போது, 'நான் வால் முறையில் இருக்கிறேன்' என்ற குறிப்பும் தலைப்பக்கத்தோடு சேர்ந்து போய்விடுகிறது. வாலோடு அலையும் நகல் மறுபடி வாலை இழக்கலாம். ஆகவே நகல் எடுத்ததும் அதைப் பழைய முறைக்கு மாற்றி, மூடி, ஒற்றைக் கோப்பாக்கிய பிறகே வெளியே அனுப்புகிறேன்.

இப்போதைய வரிசை இப்படி. நகல் முதலில் கணினியின் டிஸ்கிலேயே உருவாகும். அதில் கட்டமைப்புச் சோதனை நடக்கும், உறவு விசைகள் (ஒரு அட்டவணையின் வரி இன்னொன்றின் வரியைச் சுட்டும் எண்கள்) சரிதானா என்று பார்க்கும். பிறகு பென் டிரைவுக்குத் தற்காலிகப் பெயரில் போகும். முழுவதும் எழுதி முடித்த பிறகுதான் தேதி, நேரத்தோடு உண்மைப் பெயர் பெறும். யாராவது நடுவில் பிடுங்கினால் அரைகுறைக் கோப்பு தற்காலிகப் பெயரிலேயே கிடக்கும், யாரும் அதை நகல் என்று நம்பமாட்டார்கள். பழைய நகலின் மேல் புதியதை எழுதுவது இல்லை. கடைசிப் பதினான்கு நாள், ஒவ்வொரு மாதக் கடைசி, ஒவ்வொரு மார்ச் 31 ஆகியவை நிற்கும், மற்றவை கழியும். அதுவும் புதிய நகல் தேறிய பிறகே.

தேறியதா என்று எப்போது பார்ப்பது? எழுதிய உடனே திரும்பப் படித்து ஷா-256 என்ற, கோப்பின் கைரேகை போன்ற எண்ணை ஒப்பிட்டால் எப்போதும் சரியாகத்தான் வரும். விண்டோஸ் பெரும்பாலும் தன் நினைவகத்தில் இருப்பதையே திருப்பிக் காட்டும். பென் டிரைவில் உண்மையில் என்ன பதிந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதனால் முக்கியமான சோதனையை மறுநாள் காலைக்கு மாற்றினேன். பென் டிரைவ் இரவு முதலாளி வீட்டுக்குப் போய்க் காலையில் திரும்பி வரும். செருகியதும் நேற்றைய நகலை முழுவதும் படித்து ஒப்பிடும். தேறினால் திரையின் மேல்பட்டியில் 'நேற்று இரவு 8.05 வரை பத்திரம்' என்று பச்சையில் காட்டும். பிறகு அதைக் கழற்றிவிடச் சொல்லும். நாள் முழுவதும் செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அந்த மேல்பட்டி விஷயத்தில் என் யோசனையை மாற்றியது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் அனுபவம். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஐந்து வகைப் பாதுகாப்பு வைத்திருந்தும் ஒன்றுகூட நம்பத் தகுந்ததாக இல்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தினசரி பேக்கப், தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாத கருவியால் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் தடுக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த நகல்தான் உதவியது. அவ்வளவு பெரிய இடத்திலேயே தோல்விச் செய்தி தொலைந்துபோகும் என்றால், என் கடையில் தோல்விச் செய்தியை நம்பக் கூடாது. ஆகவே என் மென்பொருள் தோல்வியைச் சொல்வது இல்லை. கடைசி வெற்றிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் சொல்கிறது. அது ஒரு நாளைத் தாண்டினால் மஞ்சள், இரண்டைத் தாண்டினால் சிவப்பு.

பேக்கப் எடுக்க எந்த நேரம் என்பதைக் கணினி நேரத்தோடு கட்டவில்லை. கணக்குப்பிள்ளை கல்லாவை எண்ணி ரொக்க இருப்பைச் சரிபார்க்காமல் கடையைச் சாத்தமாட்டார். அந்த நாள் கணக்குத் தாள் அச்சாவதற்கு முன் நகல் எடுக்கப்படும் என்று வைத்துவிட்டேன். அவருக்குப் புதிதாக ஒரு பழக்கமும் தேவைப்படவில்லை.

படங்கள் எளிது. ஒருமுறை எடுத்த நகைப் படம் மாறுவது இல்லை, புதியவை சேர மட்டும் செய்யும். ஆகவே புதியவற்றை மட்டும் நகலெடுத்தால் போதும். வரிசைதான் முக்கியம்: தரவுத்தளம் முதலில், படங்கள் பிறகு. மாற்றிச் செய்தால், இடையில் போட்ட ஒரு சீட்டு தரவுத்தள நகலில் இருக்கும், அதன் படம் இருக்காது. இப்படிச் செய்தால் அதிகம் போனால் சீட்டு இல்லாத ஒரு படம் மிஞ்சும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

பென் டிரைவில் ஊராருடைய முகவரியும், யார் வீட்டு நகை எவ்வளவுக்கு அடகில் இருக்கிறது என்ற விவரமும் போகிறது. சிற்றூரில் அது தொலைந்தால் பணத்தைவிட மானம் பெரிதாகப் போகும். ஆகவே நகலைக் கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்கிறோம். பைத்தானோடு வரும் ஜிப் வசதி மறையாக்கிய கோப்பை உருவாக்காது, அதற்குப் பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. கடவுச்சொல் மறந்தால் நகலும் போயிற்று என்பதால், அதை ஒரு தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். முதலாளி சிரித்தார். "ஊர் நகையே அதில்தான் இருக்கிறது தம்பி, ஒரு தாள் இருக்காதா" என்றார்.

திருப்புவது

முதல் வடிவத்தில் ரெஸ்டோர் மிக எளிதாக இருந்தது. அதுதான் அதன் குற்றம். முகப்புத் திரையில் 'புதிய அடகு' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் 'காப்பு', 'மீட்பு' என்று இரண்டு பொத்தான்கள். நல்ல தமிழில் பெயர் வைத்த பெருமை எனக்கு. 'மீட்பு' அழுத்தினால் "மீட்பைத் தொடரலாமா?" என்று கேட்கும். ஆம் என்றால் கடைசியாக எடுத்த நகலைத் தானாகவே தேடி ஏற்றிவிடும். பயனருக்கு எந்தத் தொல்லையும் இருக்கக் கூடாதாம்.

வைத்து நான்காம் நாள் மதியம் தொலைபேசி வந்தது. "தம்பி, நேற்று வரைக்கும்தான் இருக்கிறது. இன்று காலையில் வைத்த நகை ஒன்றையும் காணவில்லை."

நடந்தது இதுதான். ஓர் அம்மா நகையை மீட்க வந்திருக்கிறார். வழக்கமாகச் சீட்டு எண்ணைத் தேடி, திறந்து, வட்டி கணக்கிட்டு, மூன்று திரைகள் தாண்டித்தான் மீட்பைப் பதிய முடியும். முகப்பிலேயே 'மீட்பு' என்று ஒன்று இருக்கிறதே, இந்தத் தொல்லையைக் குறைக்கத் தம்பி வைத்திருக்கிறான் போல என்று கணக்குப்பிள்ளை அதை அழுத்தியிருக்கிறார். "மீட்பைத் தொடரலாமா?" என்று கேட்டது. எதிரே அந்த அம்மா பணத்தோடு நிற்கிறார். ஆம் என்று அழுத்தாமல் வேறென்ன செய்வார்?

திரை ஒருமுறை மின்னி, முந்தைய நாள் இரவு நிலைக்குப் போய்விட்டது. காலையிலிருந்து வைத்த பதினான்கு அடகும் மீட்ட ஒன்பதும் இல்லை. அவருக்கு அது உடனே தெரியவில்லை. வழக்கமான மூன்று திரை வழியில் அந்த அம்மாவின் மீட்பை முடித்து அனுப்பிவிட்டு, அடுத்து வந்த இருவருக்குப் புதிய சீட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தேன். ரெஸ்டோர் தொடங்கும் முன், அந்தக் கணத்து நிலையை அதே பேக்கப் வசதியால் தனிக் கோப்புறையில் எடுத்து வைக்கும். பயத்தில் எழுதியது, அதற்கு மெனுகூடக் கிடையாது. அந்த முன்நகலைக் கையால் தேடி எடுத்து ஏற்றினேன், காலை வேலை திரும்பி வந்தது. பொத்தானை அழுத்திய பிறகு நடந்த ஒரு மீட்பையும் இரண்டு அடகுகளையும் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு கம்பிச் சீட்டு, இரண்டு அடிக்கட்டை. ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். அங்கேதான் உண்மையான சிக்கல் இருந்தது. அதற்கு வருகிறேன்.

பொத்தானின் பெயர் அன்றே மாறியது. 'காப்பு' போய் 'பேக்கப்' வந்தது. கணக்குப்பிள்ளை முதலிலிருந்தே அதை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 'மீட்பு' போய்ப் 'பழைய நகலுக்குத் திரும்பு' வந்தது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் நகை மீட்க வந்தவர் முன்னால் யாரும் அதை அழுத்தமாட்டார்கள். முகப்பிலிருந்து எடுத்து முதலாளியின் மெனுவுக்குள் போட்டேன். ஆமா இல்லையா என்ற கேள்வியையும் எடுத்துவிட்டேன். பதிலாக இரண்டு பத்தி காட்டும்: இப்போது இருப்பது ஒரு பக்கம், நகலில் இருப்பது மறுபக்கம். கடைசிச் சீட்டு எண், அதன் தேதி, நடப்பு அடகுகள் எத்தனை, நிலுவை அசல் எவ்வளவு. அதன் கீழே, 'இதற்குத் திரும்பினால் இன்றைய 14 அடகும் 9 மீட்பும் கணக்கிலிருந்து போய்விடும்' என்று எழுத்தில். தொடர வேண்டுமானால் இப்போதைய கடைசிச் சீட்டு எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். தெரியாமல் அழுத்தியவருக்கு அந்த எண் விரல் நுனியில் இருக்காது. தேடப் போகும்போது யோசித்துவிடுவார்.

உள்ளே நடப்பதும் மாறியது. முதல் வடிவம், நகல் கோப்பை நேரடியாகத் தரவுத்தளத்தின் இடத்தில் வைத்தது. இதில் இரண்டு ஆபத்துகள். விண்டோஸில் ஏதாவது ஓர் இணைப்பு திறந்திருந்தால் கோப்பை மாற்ற விடாது. அது தெரிந்தே தோற்கும் என்பதால் பரவாயில்லை. தெரியாமல் கெடுக்கும் ஆபத்து இன்னொன்று. முதன்மைக் கோப்பை மாற்றிவிட்டுப் பழைய வாலை அங்கேயே விட்டுவிட்டால், அடுத்து திறக்கும்போது எஸ்க்யூலைட் அந்த வாலை நம்பி அதில் இருக்கும் பக்கங்களைப் புதிய கோப்பின் பக்கங்களாகவே கொள்ளும். புதுத் தலையில் பழைய வால். தரவுத்தளம் உருக்குலையும். சோதனைக் கணினியில் ஒருமுறை இதை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். உடனே பிழை வரவில்லை. ஒரு பட்டியலில் ஒரே சீட்டு இரண்டு முறை தெரிந்தது, இன்னொன்றில் தெரியவே இல்லை.

இப்போது ரெஸ்டோரும் பேக்கப் வசதியின் வழியாகத்தான், திசையை மட்டும் திருப்பி: மூலம் நகல், இலக்கு நடப்புத் தரவுத்தளம். பூட்டுகளையும் வாலையும் எஸ்க்யூலைட்டே பார்த்துக்கொள்ளும். எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற ஒரே வேலையாக, நடப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் பழைய நிலை கெடாது. நடப்புக் கோப்பே உருக்குலைந்து திறக்க முடியாமல் இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது. அப்போது தலை, வால், வாலோடு வரும் நினைவுக் கோப்பு மூன்றையும் சேர்த்து ஒரு கோப்புறைக்கு நகர்த்திவிட்டு, வெற்றிடத்தில் நகலை வைக்கும். அழிப்பது இல்லை. கெட்ட கோப்பிலிருந்தும் நாளைக்கு ஏதாவது தேற்ற வேண்டிவரலாம்.

ஏற்றுவதற்கு முன் நகலையும் விசாரிக்கும். கோப்பின் முதல் 16 பைட்டுகளில் எஸ்க்யூலைட்டின் அடையாளம் இருக்கிறதா, நம் மென்பொருளின் அடையாள எண் இருக்கிறதா, அட்டவணை அமைப்பின் பதிப்பு என்ன? நகல் பழைய அமைப்பில் இருந்தால் அதன் பிரதி ஒன்றில் மாற்றங்களைச் செய்து பார்த்து, தேறினால் ஏற்றும். மென்பொருளைவிடப் புதிய அமைப்பில் இருந்தால் மறுத்துவிடும். முதலாளி வீட்டுக் கணினியில் பழைய பதிப்பு இருந்தபோது இந்த மறுப்பு ஒருமுறை வேலை செய்தது.

சீட்டு எண் திரும்பாது

இனி அந்தச் சிக்கல். பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் முந்தைய இரவுக்குப் போனது அல்லவா? அதன் கணக்கில் கடைசிச் சீட்டு எண் முந்தைய நாளுடையது. ஆகவே அடுத்து வந்த இருவருக்கும், காலையில் வேறு இருவருக்குக் கொடுத்த அதே எண்களை அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. ஊருக்குள் நான்கு பேர் கையில் இரண்டு எண்கள்.

முன்நகலை ஏற்றியபோது தரவுத்தளம் ஒழுங்காயிற்று. சீட்டுகள் ஒழுங்காகவில்லை. மதியம் வந்த இருவரின் அடகையும் அடிக்கட்டையைப் பார்த்துப் புதிய எண்ணில் ஏற்றி, தொலைபேசியில் அழைத்து, பழைய சீட்டைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிப் போகச் சொன்னோம். ஒருவர் அன்று மாலையே வந்தார். மற்றவர் வரவில்லை. மூன்று வாரம் கழித்து நகையை மீட்கவே பழைய சீட்டோடு வந்து நின்றார். அந்த எண்ணைத் தட்டினால் வேறொருவரின் தோடு வருகிறது. இவர் வைத்ததோ சங்கிலி. அடிக்கட்டையில் இவர் கையெழுத்து இருந்ததால் விஷயம் வாய்ச்சண்டை ஆகாமல் முடிந்தது.

இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். ரெஸ்டோர் என்பது காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவது என்று நிரல் எழுதுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறோம். பின்னுக்குப் போவது ஒரு கோப்பு மட்டும். கல்லாவில் இருக்கும் பணம் இன்றைய பணம். இரும்புப் பெட்டியிலிருந்து போன நகை போய்விட்டது. கணக்கு மட்டும் அது இன்னும் உள்ளே இருப்பதாகச் சொல்லும். வாடிக்கையாளர் மடித்து வைத்திருக்கும் சீட்டு எந்தப் பொத்தானுக்கும் கட்டுப்படாது. ஒரு குறிப்பேட்டு மென்பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளியே காகிதமும் பொருளும் கைமாறும் எந்த மென்பொருளுக்கும் உண்டு: ரசீது போடும் கடை, டோக்கன் கொடுக்கும் மருத்துவமனை, புத்தகம் இரவல் கொடுக்கும் நூலகம்.

ஆகவே இரண்டு மாற்றங்கள். இதுவரை அச்சிட்ட மிகப் பெரிய சீட்டு எண்ணைத் தரவுத்தளத்துக்கு வெளியே ஒரு சிறு கோப்பிலும் எழுதி வைக்கிறேன். ரெஸ்டோர் அதைத் தொடாது. அந்த எண் குறையவே குறையாது. டிஸ்க் முழுவதும் போய்ப் புதிய கணினியில் ஏற்றினால் அந்தக் கோப்பும் இருக்காது என்பதால், ரெஸ்டோர் முடிந்ததும் கடைசி அடிக்கட்டையின் எண்ணைக் கேட்கும். இரண்டில் பெரியதைத் தாண்டி, அடுத்த நூறிலிருந்து எண் தொடங்கும். எண்களில் இடைவெளி விழுகிறதே என்று முதலாளிக்குக் கொஞ்சம் உறுத்தல். இடைவெளி ஏன் விழுந்தது என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிடலாம், இரட்டை எண்ணுக்கு அப்படி எழுத முடியாது என்றேன். ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது, ரெஸ்டோர் முடிந்தவுடன் புதிய அடகு போட விடாது. 'சரிக்கட்டும் நிலை' என்ற ஒரு திரைக்குத்தான் போகும். நகலின் நேரத்திலிருந்து இப்போது வரை உள்ள அடிக்கட்டைகளையும் கம்பிச் சீட்டுகளையும் அதில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய ஒவ்வொன்றிலும் 'காகிதத்தைப் பார்த்துச் சேர்த்தது' என்ற குறி நிற்கும். பிறகு பெட்டியில் இருக்க வேண்டிய நகைப் பைகளின் பட்டியலை அச்சிடும். எண்ணிப் பார்த்து முதலாளி கையெழுத்திட்டுத் தன் கடவுச்சொல்லைப் போட்டால்தான் கடை திறக்கும்.

நிரலின் அளவைப் பார்த்தால் பேக்கப் எடுப்பதற்கு ஆனதைப் போல மூன்று மடங்கு இந்தத் திரைக்கு ஆனது.

ஒத்திகை

மாதம் ஒருமுறை, சந்தை இல்லாத நாளில், முதலாளி வீட்டுக் கணினியில் நகலை ஏற்றிப் பார்ப்பது என்று வைத்தோம். முதல் ஒத்திகையில் தரவுத்தளம் வந்தது, படம் ஒன்றும் வரவில்லை. படங்களின் முழுப் பாதையையும், டி டிரைவ் என்ற எழுத்து உட்பட, தரவுத்தளத்தில் எழுதியிருந்தேன். வீட்டுக் கணினியில் டி டிரைவே இல்லை. இப்போது கோப்பின் பெயரை மட்டும் வைக்கிறேன், கோப்புறை எங்கே என்பது அந்தந்தக் கணினியின் அமைப்பில் இருக்கும். இரண்டாம் ஒத்திகையில், வீட்டுக் கணினியில் மென்பொருளை நிறுவும் கோப்பே இல்லை என்று தெரிந்தது. அதையும் பென் டிரைவில் சேர்த்தேன். நகல் இருந்து என்ன பயன், அதைத் திறக்கும் மென்பொருள் செத்துப்போன டிஸ்கில் இருந்தால்?

மூன்றாம் ஒத்திகையில் நான் தொடக் கூடாது என்று முடிவு செய்தோம். கணக்குப்பிள்ளை தனியாகச் செய்தார், நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மென்பொருளை நிறுவி, நகலை ஏற்றி, கற்பனையாக மூன்று அடிக்கட்டைகளைச் சரிக்கட்டி முடிக்க அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதில் பதினைந்து நிமிடம் கடவுச்சொல் தாளைத் தேடியது. முதலாளி அதை நகைப் பை ஒன்றில் போட்டு, மற்றப் பைகளோடு பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தார். பைக்கு மேல் அவர் எழுதியிருந்த பெயர்: 'காப்பு'. கணக்குப்பிள்ளை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, யாருடைய காப்போ என்று இரண்டு முறை திரும்ப வைத்திருக்கிறார்.

தாள் இப்போது மேல்தட்டில், தனி உறையில் இருக்கிறது. உறையின் மேல் 'கம்ப்யூட்டர்' என்று எழுதியிருக்கிறது.